அத்தர் தெளித்தால் புகை அகலாது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பெயர்ப்பலகைக்கும் அழைப்பிதழுக்கும் அட்டையும் அக்ரிலிக்கும் வெட்டுவதற்கென்று மதுரைக்கு வந்த லேசர் எந்திரம் இப்போது தோலையும் வெட்டுகிறது. பெயர் பொறித்த பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, நிகாஹ் அன்பளிப்பு, குர்ஆன் உறை என்று அழகழகான பொருள்கள் இதில் உருவாகின்றன. சிறு முதலில் தொடங்கக்கூடிய தொழில், படித்த இளைஞர் சொந்தக் காலில் நிற்க உதவும் தொழில், ஹலாலான தொழில். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அந்தப் பொருளை வாங்கி முகர்ந்து பாருங்கள். முடி கருகியது போன்ற ஒரு வாடை அதில் இருக்கும். அந்த வாடையைப் போக்க நம் வியாபாரிகள் சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி, பொட்டலம் கட்டுமுன் இரண்டு சொட்டு அத்தர் தெளிப்பது. பட்டறைக்குள் ஊதுபத்தி, பொருளின் மேல் அத்தர், எக்ஸாஸ்ட் ஃபேனின் வாயோ அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி. கேட்டால், "தொழில் என்றால் வாடை இருக்கத்தான் செய்யும்" என்ற பதில் வருகிறது.

இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. மார்க்கமும் ஏற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மறைப்பது வேறு, அகற்றுவது வேறு. மறைத்துவிட்டு அகற்றிவிட்டதாக நடந்துகொள்வது வாங்குபவருக்கும், அண்டை வீட்டாருக்கும், எந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளிக்கும் இழைக்கும் தீங்கு.

தோலின் மணம் அன்று, எரிந்த தோலின் நாற்றம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நன்கு பதனிட்ட தோலுக்கென ஒரு மணம் உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலின் மணத்தை விரும்பி முகர்வோர் பலர். அந்த முறையில் உருவாகும் 'ஈ.ஐ. தோல்' தமிழ்நாட்டின் பெயரோடு 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. நாம் பேசுவது அந்த மணத்தைப் பற்றியன்று.

கத்தி தோலை அறுக்கிறது. லேசர் அதை எரித்துப் பிளக்கிறது. இப்பட்டறைகளில் பெரும்பாலும் உள்ளது கார்பன் டை ஆக்சைடு லேசர். கண்ணுக்குப் புலப்படாத அதன் கதிர் மயிரிழை அளவுள்ள ஓர் இடத்தில் குவிந்து, அங்குள்ள தோலை நொடிப்பொழுதில் கருக்கி ஆவியாக்குகிறது. தோலின் உடல் கொலாஜன் எனும் புரதம். புரதம் மெழுகைப் போல உருகுவதில்லை, சிதைகிறது. சிதையும்போது அம்மோனியா, ஆல்டிஹைடுகள், நைட்ரசன் சேர்ந்த பலவகை ஆவிகள் வெளியேறுகின்றன. பதனிடும்போது தோலில் ஏற்றிய எண்ணெயும் மேற்பூச்சும் உடன் எரிகின்றன. இவை குளிர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத தார்த்துளிகளாகித் தோலின் நார்களுக்கிடையே படிகின்றன. தோலோ கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்தது. பற்றியதை எளிதில் விடாது. வெட்டிய விளிம்பில் கரியும் ஒட்டியிருக்கும். வாரக்கணக்கில் வாடை நீங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆக, அந்த வாடை ஒரு பொருள். தோலில் படிந்திருக்கும் துகளும் தாரும் அது. மேலே அத்தரைத் தெளித்தால் அந்தப் பொருள் எங்கும் போய்விடாது. அத்தரின் மணம் இரண்டு நாளில் மங்கும். அடியிலிருப்பது மீண்டும் தலை தூக்கும்.

மின்ஹாஜ் சொல்லும் பாடம்

நம் அரபி மதரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ சட்ட நூலான 'மின்ஹாஜுத் தாலிபீன்' தூய்மை பற்றிய பாடத்தில் ஒரு நுட்பமான செய்தியைச் சொல்கிறது. நஜீஸ் கலந்து நிறமோ மணமோ சுவையோ மாறிப்போன பெருந்தண்ணீர் இருக்கிறது. அந்த மாற்றம் தானாகவோ, மேலும் நீர் சேர்வதாலோ நீங்கினால் அத்தண்ணீர் தூய்மையாகிவிடும். அதில் கஸ்தூரியையோ குங்குமப்பூவையோ போட்டு, அதனால் கெட்ட மணம் தெரியாமல் போனால் தூய்மையாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தீர்ப்பளிக்கிறார்கள். விரிவுரையாளர்கள் கூறும் காரணம் எளியது: கெட்ட மணம் நீங்கியதா, நறுமணத்தின் கீழ் ஒளிந்துகொண்டதா என்று அறிய வழியில்லை.

லேசர் புகை நஜீஸ் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு யாரும் பொருள் கொள்ள வேண்டாம். மதுரைச் சீமையில் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய உண்டு. தண்ணீர் பற்றிய சட்ட விவரங்கள் அவர்களிடம் வேறுபடலாம். நாம் எடுத்துக்கொள்வது அந்தச் சட்டத்தின் அடியிலுள்ள அறிவை. மறைதல் வேறு, நீங்குதல் வேறு என்ற பகுத்தறிவை நம் முன்னோர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தண்ணீர்த் தொட்டியில் கற்றுத் தந்தார்கள். அதைப் பட்டறையில் நாம் மறக்கலாமா?

அதே சட்டநூல் மரபில் ஒரு சலுகையும் உண்டு. உண்மையாகக் கழுவிய பின்னும் அகற்ற முடியாத மணம் சிறிது எஞ்சினால் அது மன்னிக்கப்படும். முயற்சிக்குப் பிறகு எஞ்சுவதற்குத்தான் மன்னிப்பு. முயற்சியே இல்லாமல் மூடி வைப்பதற்கு இல்லை.

ஈரத் தானியமும் அத்தர் பூசிய தோலும்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை முஸ்லிம் நூலில் காண்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

அந்த வணிகர் நல்ல தானியத்தில் மண்ணைக் கலக்கவில்லை. மழை அவருடைய குற்றமும் அன்று. குறையை அடியில் வைத்து நிறையை மேலே காட்டினார், அவ்வளவுதான். புகை வாடையை அடியில் வைத்து அத்தரை மேலே தெளிப்பவர் செய்வதும் அதுவே. "வாடிக்கையாளர் அத்தர் மணத்தை விரும்புகிறார்" என்கிறார்கள். விரும்பட்டுமே! குறையைச் சொல்லிவிட்டு அத்தரைத் தெளிக்கலாம். சொல்லாமல் தெளிப்பதற்கு வணிகத்தில் வேறு பெயர்.

ரெக்சினைத் தோல் என்று சொல்லி விற்பதும், அதை லேசரில் வெட்டுவதும் இன்னும் மோசம். பி.வி.சி. பூசிய ரெக்சின் எரிந்தால் ஹைட்ரசன் குளோரைடு வாயு எழும்; ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். எந்திரத்தின் இரும்புத் தண்டவாளத்தையே அது அரித்துவிடும் என்றால், மனிதரின் நுரையீரல் எம்மாத்திரம்? ரெக்சினை லேசரில் வெட்டுவதற்குப் பாதுகாப்பான வழி கிடையாது. வெட்டக் கூடாது.

எந்திரத்தின் அருகே நிற்பவர் யார்?

வாங்குபவரின் மூக்குக்காக அத்தர் தெளிக்கிறோம். எந்திரத்தின் அருகே பத்து மணி நேரம் நிற்கும் தம்பியின் மூச்சுக்காக என்ன செய்கிறோம்?

இன்று சந்தைக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்பட்டது. தோலில் உள்ள குரோமியம் பொதுவாகக் கேடு குறைந்த வடிவில் இருக்கும். உயர்ந்த வெப்பமும் காற்றும் சேரும்போது அதில் ஒரு பகுதி ஆறிணைதிறன் கொண்ட குரோமியமாக மாறக்கூடும். இந்த இரண்டாம் வடிவம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. தோலைத் தொடும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதி வகுத்துள்ளது. அங்கே பொருளை அணிபவருக்கே இவ்வளவு கவனம். இங்கே அதை எரித்த புகையைச் சுவாசிப்பவரின் மூக்கில் ஒரு கைக்குட்டை; கைக்குட்டை வாயுவைத் தடுக்காது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தூசியையும் புகையையும் வேலையிடத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று தனிப் பிரிவே வகுத்தது. மின்விசை கொண்டு இயங்கும் இடமானால் 10 பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அச்சட்டம் பொருந்தியது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை இந்த வலைக்குள் விழுவதில்லை. அதிகாரியின் கண் படாத அந்த இடத்தில் நம்மைத் தடுப்பது தக்வா ஒன்றே. அதுவும் அங்கே இல்லையென்றால் வேறெங்கே இருக்கப் போகிறது?

மஃரிப் தொழுகைக்கு அந்தத் தம்பி வரும்போது அவர் மேல் புகை வாடை வீசுகிறது. பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கிறார். வெங்காயம், பூண்டு தின்றவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற நபிமொழியை யாராவது எடுத்துச் சொல்கிறார். மனிதரைத் துன்புறுத்துவது வானவர்களையும் துன்புறுத்தும் என்பது அந்த நபிமொழியின் காரணம். அதை நாம் தலைமேல் வைக்கிறோம். வாடை மிகுந்த தொழில் செய்வோரையும் அதனோடு ஒப்பிட்டு அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் மதீனாவின் உழைப்பாளிகள் வியர்வையோடும் கம்பளி உடையோடும் சிறிய பள்ளிவாசலுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை விரட்டவில்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். குளிப்பதற்கு நேரமும் தண்ணீரும் மாற்றுடையும் தரவேண்டியவர் பட்டறை முதலாளி. அதைத் தராத முதலாளி முதல் வரிசையில் அத்தர் பூசி நிற்க, புகை மணக்கும் தொழிலாளி கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் காட்சி நமக்கு இழுக்கு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மண்ணில் தோலின் வாடையைக் காரணம் காட்டியே அருந்ததியர் முதலான மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். தொழிலின் நாற்றத்தை மனிதனின் நாற்றமாக்கினார்கள். அந்த அநீதியை மறுத்து, பதனிட்ட தோல் தூய்மையானது என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. மைமூனா (ரலி) அவர்கள் வீட்டுப் பணிப்பெண்ணின் ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோலைப் பதனிட்டுத் தைத்து, கிடைத்த வருவாயைத் தர்மம் செய்தார்கள். உழைக்கும் கைக்கு இவ்வளவு உயர்வு தந்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், புகையைக் கூலிக்காரரின் உடம்பில் ஏற்றிவிட்டு இலாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பழைய அநீதியைப் புதிய எந்திரத்தில் ஓட்டுகிறோம் என்றே பொருள்.

அண்டை வீட்டின் சன்னல்

காஜிமார் தெரு, நெல்பேட்டை, முனிச்சாலை போன்ற பகுதிகளில் வீடும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. கீழ்த்தளத்தில் எழும் புகை மேல்தளத்துத் தொட்டிலுக்கு எளிதில் போய்ச் சேரும். இத்தகைய சந்தில் சன்னல் மட்டத்தில் ஃபேனைப் பொருத்துபவர் தம் பட்டறையைச் சுத்தம் செய்யவில்லை. தம் குப்பையை அடுத்த வீட்டில் கொட்டுகிறார். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியவில்லையோ, அவருடைய ஈமானையே நபி (ஸல்) அவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். இது புகாரியில் உள்ள நபிமொழி. அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

நம் வரலாற்றில் இதற்கு நடைமுறையும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென ஒரு கையேடு எழுதினார். ரொட்டி சுடுவோரின் கடைக்கூரை உயரமாக இருக்க வேண்டும், மக்களுக்குத் துன்பமில்லாதவாறு புகை வெளியேற அகன்ற திறப்பு வேண்டும் என்கிறார் அவர். நெருப்பு மூட்டும் தொழில்களை அத்தர்க் கடைகளிலிருந்தும் துணிக் கடைகளிலிருந்தும் தள்ளி வைக்கவும் சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டநூல், அண்டை வீட்டில் குடியிருக்க முடியாதபடி புகை எழுப்பும் உலை மிகையான தீங்கு என்றும், அது எவ்வகையிலேனும் நீக்கப்பட வேண்டும் என்றும் வகுத்தது. புகைபோக்கியின் உயரம் நம் முன்னோருக்கு ஃபிக்ஹு விஷயமாக இருந்தது. நமக்கு அது எலெக்ட்ரீசியனின் விஷயமாகச் சுருங்கிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "புகையைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களுக்கு உண்மையில் புகை பிரச்சினை இல்லை; நாம்தான் பிரச்சினை. இறைச்சிக் கடையென்றாலும் தோலென்றாலும் மூக்கைப் பிடிக்கிறவர்கள் அவர்கள்." இந்த மறுப்பில் சிறிதும் உண்மையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். காழ்ப்பினால் எழும் புகார்களும் உண்டு. ஆயினும், சொல்பவரின் உள்ளத்தில் காழ்ப்பு இருப்பதால் நம் புகை நறும்புகையாகிவிடாது. காழ்ப்புக்கு அல்லாஹ்விடம் அவர் பதில் சொல்லட்டும். புகைக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். புகையே இல்லாதபோது எழும் புகாரைத்தான் நாம் தலைநிமிர்ந்து எதிர்கொள்ள முடியும்.

திண்டுக்கல் நமக்குச் சொல்வது

"இது சிறிய புகை, இதற்கு இவ்வளவு பேச்சா?" என்போர் வடக்கே திண்டுக்கல்லைப் பார்க்க வேண்டும். அங்கும் எல்லாம் சிறிதாகத்தான் தொடங்கியது. தோல் மண்டிகளும் தோல் ஷாப்புகளும் பெருகின. நம் சமுதாயத்தவர் பலருக்கு அவை வாழ்வு தந்தன. பிறகு குரோமியப் பதனிடல் பரவியது. கழிவு குடகனாற்றுப் படுகையின் நிலத்துக்கும் கிணறுகளுக்கும் சென்றது. வாடையைச் சகித்துக்கொள்ளச் சொன்னார்கள். வாடைக்குப் பின்னால் உப்பும் குரோமியமும் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் சகித்துக்கொள்ள முடியவில்லை.

1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. வடஆர்க்காடு, பெரியார், திருச்சி, செங்கை மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நீதிமன்றம் அன்று சொன்னதை, தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற நபிமொழியாக நாம் சிறுவயதிலேயே ஓதியிருந்தோம். ஓதியதை நாமே நடைமுறைப்படுத்தியிருந்தால் நீதிமன்றம் நமக்குக் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது. பின்னும் 2015 சனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். விலை கொடுப்பது எப்போதும் அருகே படுத்திருப்பவன்தான்.

தோல் வணிகத்தின் செல்வம் தமிழ் முஸ்லிம்களுக்குக் கல்வியையும் தந்திருக்கிறது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை எழுப்பிய பெருமக்கள் தோல் வணிகத்தில் சிறந்தவர்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுடைய கொடையில் படித்தவர்கள் நாம். நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. "இவ்வளவு ஸதகா செய்கிறோமே, கொஞ்சம் புகையைப் பொறுக்கக்கூடாதா?" என்ற குரல் நம்மிடையே கேட்கிறது. அந்நேரம் தர்மமும் அத்தராகிவிடுகிறது; அடியிலுள்ள தீங்கின் மேல் தெளிக்கப்படும் நறுமணமாகிவிடுகிறது. ஸதகா பாவத்தின் சூட்டைத் தணிக்கும். அண்டை வீட்டுக் குழந்தையின் இருமலைத் தணிக்காது.

செய்யக்கூடியவை

"சொல்வது எளிது, சிறுதொழிலுக்குச் செலவு தாங்குமா?" என்பது இறுதி மறுப்பு. நியாயமான கேள்வி. எனவே செலவு குறைந்ததிலிருந்தே சொல்கிறோம்.

எல்லாவற்றையும் லேசரில் வெட்ட வேண்டியதில்லை. பெல்ட்டின் நேர்க்கோட்டைக் கத்தி வெட்டும். ஒரே வடிவத்தை நூறு முறை வெட்ட அச்சுக்கத்தி போதும். நுண்ணிய வேலைப்பாட்டுக்கும் பெயர் பொறிப்புக்கும் மட்டும் லேசரை வைத்துக்கொண்டால் பாதிப் புகை எழவே எழாது. எழாத புகையை அகற்றச் செலவில்லை.

லேசரில் வெட்டும்போது ஒரே முறையில் பெருவிசையோடு வெட்டாமல், விசையைக் குறைத்து வேகத்தைக் கூட்டி இரண்டு மூன்று முறை ஓட்டினால் கருகல் குறையும். வெட்டும் முனையில் காற்று பீச்சும் குழாய் வேலை செய்ய வேண்டும். தோலின் முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் தார் டேப்பில் படியும். டேப்பை உரித்தால் அதுவும் போய்விடும். எந்திரத்தின் தேன்கூட்டுத் தட்டில் படிந்த பழைய தாரை அடிக்கடி துடைக்க வேண்டும்; இல்லையென்றால் நேற்றைய புகை இன்றைய தோலில் ஏறும்.

வெட்டிய பின், விளிம்பின் கரியை மென்மையான தூரிகையாலோ நைஸான உப்புத்தாளாலோ நீக்குங்கள். மென்சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். மதுரை வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும். வாடை போகுமுன் பாலித்தீன் உறையில் அடைத்தால் அது உள்ளேயே தங்கிவிடும். பிடிவாதமான வாடைக்கு, ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவைத் தோலில் படாமல் உடன் வைத்து, பெட்டியில் சில நாள் மூடி வைக்கலாம். இறுதியில் விளிம்பில் தேன்மெழுகு பூசினால் எஞ்சியதும் அடங்கும்.

புகைக்குழாய் குட்டையாகவும் வளைவு குறைந்ததாகவும், தீப்பிடிக்காத தகரத்தாலும் இருக்கட்டும். அதன் வாய் சந்தை நோக்காமல் சுற்றிலுமுள்ள கூரைகளுக்கு மேலே திறக்கட்டும். ஃபேனைக் குழாயின் வெளிமுனையில் வைத்தால் குழாயில் எங்கேனும் ஓட்டை இருந்தாலும் புகை பட்டறைக்குள் கசியாது. வெட்டி முடித்த உடனே மூடியைத் திறக்காமல் சில நிமிடம் ஃபேன் ஓடட்டும். கூரைக்கு மேல் கொண்டுபோக இடமில்லாத நெருக்கத்தில் வடிகட்டி தேவை. முதலில் தூசியையும் தாரையும் பிடிக்கும் வடிகட்டி, அதன் பின்னர் வாடையைப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன். கார்பன் ஓர் அளவுக்குமேல் ஏற்காது, நிறைந்ததும் மாற்றவேண்டும். மாற்றாத கார்பன் பெட்டி, எந்திரத்துக்குப் பூசிய அத்தர்.

இவற்றைச் செய்ய முதல் இல்லாதவருக்கு மஹல்லா ஜமாஅத் துணை நிற்கட்டும். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தரும் ஜமாஅத்கள் நம்மிடையே உண்டு. தையல் எந்திரத்துக்குக் கொடுக்கும் கடனைப் புகைக்குழாய்க்கும் கொடுக்கலாம். பட்டறை தொடங்கும் இளைஞரிடம் ஜமாஅத் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "தம்பி, உங்கள் புகை எங்கே போகிறது?" பெருநாளன்று குர்பானித் தோலின் கணக்கைக் கறாராகக் கேட்கும் நாம், ஆண்டு முழுவதும் எரியும் தோலின் கணக்கைக் கேட்காதிருப்பது ஏன்?

இவ்வளவும் செய்த பின்னரும் சிறு வாடை எஞ்சலாம். அதற்குத்தான் மன்னிப்பு என்றோம். அப்போது ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: இது இன்ன தோல், லேசரில் வெட்டியது, சில நாள் காற்றாட வைத்தால் வாடை நீங்கும். உண்மை எழுதிய அந்தச் சிறு சீட்டு, ஒரு குப்பி அத்தரைவிட உங்கள் பொருளை மணக்கச் செய்யும்.

நல்ல நண்பரைக் கஸ்தூரி விற்பவருக்கும் தீய நண்பரைக் கொல்லனின் துருத்திக்கும் ஒப்பிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். துருத்தி உடையைப் பொசுக்கும். இல்லையேல் கெட்ட வாடையாவது தரும். அண்டை வீட்டாருக்கு நாம் எதுவாக இருக்கிறோம் என்பதை அத்தர்க் குப்பி தீர்மானிப்பதில்லை. நம் புகைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

நம் உழைப்பைத் தூய்மையாக்கி, நம் கைகளாலும் நம் தொழில்களாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.